நீலச் சட்டையின் ஏழு வாத்தியார்கள்

களத்துக்கு வெளியே நின்றவர்கள் – 17

ஹைதராபாத்தின் பள்ளிக்கூட ஆசிரியர் சையது அப்துல் ரகீம் 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்ததோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தேன். 1951-லும் 1962-லும் ஆசியத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அவருக்குப் பிறகு இந்திய அணிக்கு வந்து போன பயிற்சியாளர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனால் இந்தத் தொடர் இந்த வருஷத்தில் முடியாது. ஆகவே ஒரே தாவலாக 2014-க்கு வந்துவிடுகிறேன். இடம், நம் கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்தில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடக் கூடிய சென்னை நேரு ஸ்டேடியம்.

தாவுவதற்கு முன் ஒருவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரோம் ஒலிம்பிக்கில் ரகீமின் அணியில் ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ். 1960-ல் பெரு நாட்டுக்கு எதிராக அவர் போட்டதுதான் இன்றுவரை ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல். இந்தக் கேள்வி பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி வரும். பதில் சொல்கிற பிள்ளைகளுக்கு அவர் பயிற்சியாளராகச் செய்தது தெரியாது. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளா தன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கியது. இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்றார்கள். மூன்று கோலையும் போட்டவர் கேப்டன் டி.கே.எஸ். மணி. அந்த அணியின் பயிற்சியாளர் சைமன். மலையாளிகள் அந்த ஆட்டத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாடு இதுவரை ஒருமுறைகூட சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. பக்கத்து மாநிலத்துக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுக்க நம்மிடம் ஆள் இருந்தார் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு மேலே போகலாம்.

சென்னைக்கு ஒரு பெரிய கால்பந்து அணி கிடைத்ததே ஒரு தற்செயல். இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்த 2014-ல் ஏலத்தில் ஆள் கிடைத்தவை எட்டு நகரங்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. பெங்களூரு அணியை எடுத்திருந்த சன் குழுமம் விலகிக்கொண்டது. அந்தக் காலி இடத்துக்குத்தான் அபிஷேக் பச்சனும் வீட்டா டானியும் சென்னையை நீலச் சட்டையோடு கொண்டுவந்தார்கள். பிறகு தோனியும் சேர்ந்தார். லீக் தொடங்க சில வாரங்களே இருந்தன. வீரர்களைப் பிடிக்க வேண்டும், மைதானத்தைத் தயார் செய்ய வேண்டும், சனங்களுக்கு இப்படியொரு அணி இருப்பதையே தெரிவிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே ஆளாகக் கிடைத்தவர் மார்க்கோ மட்டெராஸி.

2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் முட்டினாரே, முட்டு வாங்கியவர் அவர்தான். அந்த ஆட்டத்தில் இத்தாலியின் கோலைத் தலையால் அடித்தவரும் அவரே என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சென்னைக்கு வந்தபோது வயது நாற்பத்தொன்று. அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே.

முதல் மூன்று சீசன்களின் லீக்கைப் பிறகு வந்த லீக்கோடு ஒப்பிடக் கூடாது. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். லீக் சுற்றில் 14 ஆட்டம். அந்த இரண்டரை மாதத்தில் எந்தப் பயிற்சியாளரும் யாருக்கும் புதிதாக எதையும் கற்றுக்கொடுத்துவிட முடியாது. வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த ஆட்களை ஒருவரோடொருவர் பேச வைத்து, யாருக்கும் கால் உடையாமல் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தேற்றி அனுப்புவதுதான் வேலை. மட்டெராஸிக்கு அது கைவந்தது. பயிற்சித் திட்டத்தில் பெரிய கெட்டிக்காரர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவருக்காக ஓடி விழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். பிரேசிலின் எலானோ அந்த சீசனில் 8 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். பழைய தோழர் அலெஸாண்ட்ரோ நெஸ்டாவை ஓய்விலிருந்து இழுத்துவந்து ஆடவைத்தார்கள். லீக் சுற்றில் சென்னை முதலிடம்.

அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் 0-3. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சென்னையில் நடந்த மறு ஆட்டத்தில் 90 நிமிஷத்தில் 3-0 என்று சமன் செய்துவிட்டார்கள். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்காக ஒன்றைத் தட்டிவிட்டார். இந்த அணியின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த தோல்வி இதுதான். தோல்வியில் என்ன பிடித்தம் என்று கேட்பவர்கள் கால்பந்து பார்க்காதவர்கள்.

அடுத்த வருஷம் 2015. நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வருஷத்தைச் சொன்னால் கால்பந்து ஞாபகம் வராது. நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. டிசம்பர் முதல் வாரம் சென்னையே முழுகியது. மட்டெராஸியின் அணி சீசனின் நடுவில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு தொடர்ந்து வென்று மூன்றாம் இடத்தைப் பிடித்து அரையிறுதிக்கு வந்தது. வந்தாலும் ஆட ஊர் இல்லை. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். சொந்த மைதானம் இல்லாமல் நடப்புச் சாம்பியனான கொல்கத்தாவை அங்கே 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் தாண்டிவிட்டார்கள்.

டிசம்பர் 20, இறுதி ஆட்டம், கோவாவின் ஃபதோர்தா. எதிரணி கோவா, மைதானம் கோவா, கூட்டம் கோவா. 87-ஆம் நிமிஷத்தில் ஜோஃப்ரே அடித்தபோது கோவா 2-1 என்று முன்னால் போனது. கோப்பையை மேடைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்திருப்பார்கள். 90-ஆவது நிமிஷத்தில் கோல்கீப்பர் கட்டிமணியின் கை பட்டுப் பந்து அவர் வலைக்கே போனது. அடுத்த இரண்டாவது நிமிஷம் கொலம்பியக்காரர் மெண்டோசா. 3-2. அந்த சீசனில் அவருக்கு அது 13-ஆவது கோல். வெள்ளத்தில் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஊருக்குக் கோப்பை வந்தது.

மூன்றாம் வருஷம் எலானோ இல்லை, மெண்டோசா இல்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம். 2017 மார்ச்சில் மட்டெராஸி கிளம்பினார். இரண்டாண்டில் வந்த புகழைத் தூக்கி நிறுத்தியவர்கள் இரண்டு தென்னமெரிக்கர்கள்தான் என்பது அந்த ஏழாம் இடத்தில் தெரிந்துபோனது. ஆனாலும் அவர் மேல் இந்த ஊருக்குக் கோபம் கிடையாது.

அவருக்கு நேர் எதிரான ஆளைத் தேடிப் பிடித்தது போல அடுத்து வந்தார் ஜான் கிரிகோரி. வயது 63. இங்கிலாந்துக்காக ஆறு ஆட்டம் ஆடியவர், ஆஸ்டன் வில்லா அணியை 2000-த்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர். பிறகு மெல்ல மெல்லக் கீழ்நிலை அணிகளுக்கு இறங்கி, உடல்நிலை காரணமாகக் கடைசி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவர். இவர்தான் இந்த அணியில் முதன்முதலாகப் பயிற்சியாளர் என்ற வேலையைப் பயிற்சியாளராகச் செய்தவர் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குக் காலமும் கைகொடுத்தது. 2017-18-ல் பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்து லீக் பத்து அணியானது. 18 ஆட்டம், ஐந்து மாதம். கிரிகோரி முதலில் தற்காப்பைக் கட்டினார். பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ், போர்ச்சுகலின் சேரேனோ இருவரும் நடுவில். கோலில் கரண்ஜித் சிங். எதிராளிக்குக் கொடுக்காதே, மீதியைக் கார்னரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழைய இங்கிலீஷ்காரப் பாடம். டெல்லி, மும்பை பத்திரிகைக்காரர்கள் சுவாரசியமில்லாத ஆட்டம் என்று எழுதினார்கள். பெங்களூருவுக்கு அடுத்தபடியாக 32 புள்ளியோடு சென்னை இரண்டாம் இடம்.

அவர் செய்த இன்னொன்று, இரண்டு இளம் இந்தியர்களை நடுக்களத்தில் நிறுத்தி விட்டுவைத்தது. ஒருவர் டேராடூனின் அனிருத் தாபா. மற்றவர் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். வியாசர்பாடியைப் பற்றி இந்தத் தொடரின் ஆரம்ப அத்தியாயங்களில் நிறையச் சொல்லியாகிவிட்டது. பந்து அங்கே சின்ன வயசிலேயே காலில் ஒட்டிக்கொள்ளும். 2018 மார்ச் 13, அரையிறுதியின் மறு ஆட்டம், கோவாவுக்கு எதிராக நேரு ஸ்டேடியத்தில். ஜெஜெ லால்பெக்லுவா 26-ஆம் நிமிஷத்தில் ஒன்று போட்டார். மூன்று நிமிஷம் கழித்துத் தலையால் அடுத்ததைப் போட்டவர் கணேஷ். ஸ்டேடியத்திலிருந்து சில மைல் தூரத்தில் பந்து பழகிய பையன், அந்த ஸ்டேடியத்தில், அரையிறுதியில். அன்றைக்குக் கூட்டம் போட்ட சத்தத்துக்கு வேறு எந்தக் கோலும் ஈடில்லை. 3-0, மொத்தம் 4-1.

நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டம், பெங்களூரு கண்டீரவா. ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிப் போட்டார். கிரிகோரியின் ஆட்கள் பதறவில்லை. 17-ஆம் நிமிஷம் கார்னர், மைல்சன் தலை, கோல். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடியும் கார்னர், மறுபடியும் மைல்சன். 67-ஆம் நிமிஷத்தில் ராஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் மிக்கு ஒன்றைப் போட்டு 3-2 ஆக்கினார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. லீக் சுற்றில் எட்டுப் புள்ளி முன்னால் இருந்த அணியை அதன் ஊரிலேயே இரண்டு கார்னரில் முடித்தார்கள். சுவாரசியமில்லாத ஆட்டமாம்.

அந்த ராத்திரி கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டவர்களில் ஓரமாக நின்ற ஒருவரைப் பார்க்க வேண்டும். துணைப் பயிற்சியாளர் சையது சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியன் வங்கி அணியின் முன்கள வீரர், தொண்ணூறுகளில் இந்தியாவுக்காக ஆடியவர். வெளிநாட்டு வாத்தியார் இங்கிலீஷில் ஒன்று சொல்ல, அதை மிசோரம் பையனுக்கும் வியாசர்பாடிப் பையனுக்கும் புரிகிற மாதிரி இறக்கித் தருகிற வேலை அவருடையது. வாத்தியார்கள் மாறினார்கள், பாஷா பக்கத்து இருக்கையிலேயே இருந்தார். இவரிடம் திரும்பி வருவேன், அவருக்கும் நான்கு ஆட்டம் வாய்த்தது.

சாம்பியனாக வந்த 2018-19 சீசனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 18 ஆட்டம், இரண்டே வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, பத்தாம் இடம். அதாவது கடைசி. சேரேனோ போய்விட்டார், கணேஷ் காயத்தில் உட்கார்ந்தார், போன வருஷம் விழாத கோல்களெல்லாம் இந்த வருஷம் விழுந்தன. வேறு எந்த அணியாக இருந்தாலும் டிசம்பரிலேயே அனுப்பியிருப்பார்கள். சென்னை கிரிகோரியை வைத்துக்கொண்டது. அந்தப் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். அவரும் சூப்பர் கோப்பையில் இறுதி ஆட்டம்வரை கூட்டிப்போய், கோவாவிடம் 1-2 என்று தோற்றார். ஏ.எஃப்.சி. கோப்பையில் கொழும்பு எஃப்.சி.யைத் தாண்டி குழுச் சுற்றுக்குப் போனார்கள். சொந்த ஊர் ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆட வேண்டிவந்த கூத்தை என்ன சொல்ல.

அதே சீசனில் நடந்த இன்னொன்றுதான் இந்த அத்தியாயத்தை எழுத உட்காரவைத்தது. சென்னையின் பேரை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி அணி, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகை வென்றது. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். உலகக் கோப்பை ஆடிய ஒரு ஆளும் கிடையாது. ஸ்பெயினின் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த நால்வரைக் கூட்டிவந்து, அவர்களைச் சுற்றி உள்ளூர்ப் பையன்களை நிறுத்தி, பந்தைத் தரையை விட்டுக் கிளப்பாமல் ஆடவைத்தார். முன்களத்தில் பெட்ரோ மான்சி 21 கோல். கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளி வித்தியாசத்தில் தாண்டினார்கள்.

அந்த அணியின் நடுக்களத்தில் ஓடியவர் எட்வின் சிட்னி வான்ஸ்பால். நெய்வேலிப் பையன். நம் மாவட்டத்திலிருந்து தேசிய லீக் பட்டம் வாங்கிய ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த சீசனில் அவரைச் சென்னையின் அணி எடுத்துக்கொண்டது. நவாஸை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே 2019 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை அரையிறுதியில் இரண்டு சென்னைகளும் மோதின. கிரிகோரியின் சென்னை 2-0. சி.கே. வினீத் இரண்டு. பட்டியலில் கடைசியில் கிடந்தவர் சாம்பியனை வென்ற அந்த ஆட்டத்தை இரு பயிற்சியாளர்களின் ஆட்டமாகப் பார்த்தால் கிரிகோரியின் பழைய பாடம் அன்றும் வேலை செய்தது. சென்னை சிட்டி சில வருஷத்தில் தேசியப் போட்டிகளிலிருந்தே காணாமல் போனது. அது தனிக் கதை, தனிச் சோகம்.

2019-20. கிரிகோரியின் அணி முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. நவம்பர் கடைசியில் அவரே விடைபெற்றுக்கொண்டார். டிசம்பரில் வந்தவர் ஓவன் கோய்ல்.

கோய்ல் ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடியவர். 2009-ல் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றினார். ஏற்றிய சூட்டோடு, சீசன் நடுவிலேயே, பக்கத்து ஊரான போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லிக்காரர்கள் அவரை யூதாஸ் என்றார்கள். அந்த வார்த்தை நமக்கும் ஒருநாள் உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

வந்த கோய்ல் புதிதாக ஆட்களைக் கேட்கவில்லை. கிரிகோரி விட்டுப்போன அதே ஆட்கள்தான். லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் முன்னால், பிரேசிலின் கிரிவெல்லாரோ அவருக்குப் பின்னால், இருவருக்கும் நடுவே மால்டாவின் ஷெம்ப்ரி. ஓரத்தில் சாங்தே. இவர்கள் நால்வரும் பந்து கிடைத்த இடத்திலிருந்து நேரே கோலைப் பார்த்து ஓடலாம் என்று அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். நெய்வேலி எட்வின் வலதுபுறத் தற்காப்பிலும் நடுக்களத்திலுமாக மாறி மாறி ஓடினார். மீதி 12 லீக் ஆட்டத்தில் 24 புள்ளி. அடியிலிருந்து ஏறி நான்காம் இடம். வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார்.

அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று பிய்த்தெறிந்தார்கள். கோவாவில் 2-4 என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தோற்றார்கள். மொத்தம் 6-5. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14, அதே ஃபதோர்தா, ஒரு பார்வையாளர் இல்லை, கொரோனா வந்துவிட்டது. கொல்கத்தா 3-1. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற குரல் டிவியில் தெளிவாகக் கேட்டது.

கோப்பை வாங்கிய மட்டெராஸியையும் கிரிகோரியையும் விட, கோப்பை வாங்காத இந்த மூன்றரை மாதத்துக் கோய்லைத்தான் நான் முதலில் வைப்பேன். கையில் இருப்பதை வைத்துக்கொண்டு சமைத்தவர் அவர் ஒருவர்தான். என் நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. கோப்பையைக் காட்டு என்கிறார்கள்.

அவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. ஜாம்ஷெட்பூர் அழைத்தது, போய்விட்டார். போகும்போது வால்ஸ்கிஸையும் கூட்டிப்போனார். 2021-22-ல் ஜாம்ஷெட்பூர் லீக் சுற்றில் முதலிடம் பிடித்துக் கேடயம் வாங்கியது. பர்ன்லிக்காரர்கள் சொன்ன வார்த்தையைச் சென்னைக் கூட்டமும் சொல்லிப் பார்த்தது.

அடுத்த மூன்று வருஷம், மூன்று வாத்தியார்கள், மூன்றுமுறை எட்டாம் இடம். இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ருமேனியாவில் பிறந்த ஹங்கேரியர் சாபா லாஸ்லோ, உகாண்டா தேசிய அணியையும் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணியையும் நடத்தியவர். ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், பூட்டிய மைதானத்தில். 20 ஆட்டத்தில் 11 டிரா! பந்து எதிராளியின் பெட்டிக்குள் போகும், உள்ளே போனபின் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அதற்கு அடுத்தவர் மாண்டினீக்ரோவின் போசிடார் பாண்டோவிச். தாய்லாந்தில் புரிராம் அணியோடு 2017, 2018 என இரண்டு லீக் பட்டம். இங்கே 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று வாங்கிய பிறகு அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் ஜெர்மனியின் தாமஸ் பிரடாரிச். லெவர்குசனுக்கும் ஜெர்மனிக்கும் ஆடியவர், அல்பேனியாவில் விளாஸ்னியா அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவர் வந்தபோது ஊரில் மறுபடி கூட்டம் கூடியது. ஏழரை மணி ஆட்டம் முடிந்து, பெரியமேட்டிலிருந்து கோயம்பேட்டுக்கு ஓடி, பண்ருட்டி வழி பஸ்ஸைப் பிடித்து விடியற்காலையில் வந்து இறங்கிய நம் பையன்களை எனக்குத் தெரியும். எட்டாம் இடத்து அணிக்காக!

பாண்டோவிச் போனதற்கும் அந்த சீசன் முடிந்ததற்கும் நடுவில் இருந்த நான்கு ஆட்டத்தைத்தான் பாஷாவிடம் கொடுத்தார்கள். அணி ஏற்கெனவே தரையில் கிடந்தது, மனசு விட்டுப்போயிருந்தது, மேலே ஏற வழியில்லை. அந்த நான்கு ஆட்டத்தை வைத்து ஒருவரை எடைபோட்டால் அது நியாயமில்லை. ஆனால் எடைபோட்டார்களோ இல்லையோ, அடுத்த சீசனுக்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வந்தாயிற்று.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பயிற்சியாளர் என்றால் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். பலர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் படித்து வந்தவர்கள். ஆறாம் வகுப்பில் சேர்கிற பையனை அவர்கள் பன்னிரண்டாம் வகுப்புவரை பார்க்கிறார்கள். எந்த வருஷம் உயரம் கூடும், எப்போது முட்டி வலிக்கும், வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும். சென்னை அணியின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் அப்படி ஒரு வேலையை யாரும் கேட்கவேயில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டது ஒன்றே: இந்த சீசனைத் தேற்று. ஆகவே பெரும்பாலானவர்கள் தங்களுக்குத் தெரிந்த வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிவந்தார்கள், போகும்போது அந்த ஆட்களில் பலரும் போனார்கள், அடுத்தவர் அநேகமாக வெறும் தரையிலிருந்து ஆரம்பித்தார். 2015-ன் அணியில் 2018-க்கு மிச்சமிருந்த வெளிநாட்டவர் மைல்சன், அகஸ்டோ போன்ற ஓரிருவர்தான். அவர்களோடு பாலமாக நின்றவர்கள் ஜெஜெ, கரண்ஜித் போன்ற இந்திய வீரர்கள். அவர்களை வளர்த்தது இந்த நாற்காலி இல்லை.

வாத்தியார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வருகிறவன் ஒரு வருஷத்தைத்தான் யோசிப்பான். மாமரம் வைக்கச் சொன்னால் குத்தகைக்காரன் சிரிப்பான். மணிலா போட்டு எடுத்துக்கொண்டு போவான்.

2023 ஜூலையில் கோய்லைத் திரும்பக் கூப்பிட்டார்கள். யூதாஸ் மன்னிக்கப்பட்டார். முதல் வருஷம் ஆறாம் இடம், பிளே-ஆஃப் ஆட்டத்தில் கோவாவிடம் 1-2. நான்கு வருஷத்துக்குப் பிறகு நாக்-அவுட் ஆட்டம் பார்த்த சந்தோஷத்தில் கூட்டம் பழசை மறந்தது. இரண்டாம் வருஷம், 2024-25-ல், 13 அணியில் பதினோராம் இடம். முதல் தடவை அவருக்குக் கிடைத்தது கிரிகோரி சேர்த்துவைத்த ஆட்கள். இரண்டாம் தடவை சேர்த்தது அவரே. அவர் எங்கே கெட்டிக்காரர், எங்கே இல்லை என்பது இதிலிருந்து ஓரளவு விளங்குகிறது. 2025-ல் மறுபடி விடைபெற்றார்.

அந்த வருஷம் லீகே நடக்குமா என்று தெரியாமல் தொங்கியது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடிகிற நேரம். பணம் போட ஆளில்லை, அட்டவணை இல்லை. வெளிநாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் பேசுகிற நிலையில் யாரும் இல்லை. அந்த நெருக்கடியில்தான், 2025 அக்டோபரில், சென்னை அணி தன் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளரை நியமித்தது. கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா. டெம்போ அணியின் நடுக்களத்தில் பல வருஷம் ஆடியவர், இந்தியாவுக்கும் ஆடியவர். 2020-ல் கோவா அணியைத் தற்காலிகமாக ஏற்றுக் கேடயத்தோடு முடித்தார். 2023-ல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இத்தனையையும் அவர் செய்தது தற்காலிகம், இடைக்காலம் என்று எழுதிய நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு. அதே வருஷம் ஆகஸ்டில் காலித் ஜமீல் இந்திய அணிக்குப் பயிற்சியாளராகியிருந்தார். 2017-ல் மிசோரமின் ஐஸ்வால் அணியோடு ஐ-லீகை வென்றவர் அவர். காலம் மாறுகிறது என்று சிலர் எழுதினார்கள். பணம் குறைந்தது என்றும் எழுதலாம். இரண்டில் எது என்பதைப் பணம் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மிராண்டாவின் கதையை எழுத இன்னும் சில சீசன்கள் ஆக வேண்டும். அதுவரை காத்திருக்காமல், அடுத்த இதழில் கடலூருக்கு வருகிறேன். தமிழ்நாட்டு ஆண்கள் சந்தோஷ் கோப்பையைத் தொடாத இதே காலத்தில், தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டத்தை இருமுறை வாங்கிவிட்டார்கள்: 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று, 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று. கடலூர் இந்துமதி கதிரேசனும் பண்ருட்டி சந்தியா ரங்கநாதனும் இந்தியச் சட்டை போட்டு ஆடியிருக்கிறார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியில் பெண் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுத்த மாரியப்பனிலிருந்து அந்த அத்தியாயம் தொடங்கும்.